தக்கைத் தூண்டிலுக்கு ஏற்ற கோல் எது?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் கரிசல் பூமியின் முகமே மாறிவிடும். வெடித்துக் கிடந்த நிலம் மூடிக்கொள்ளும், வறண்டு கிடந்த ஓடைகளில் செந்நீர் புரளும், கண்மாய்கள் நிறையும். தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில் உள்ள நாகலாபுரம் போன்ற ஊர்களில், அந்நாட்களில் பள்ளி விட்டதும் சிறுவர்கள் தேடும் பொருள் தூண்டில். கரையில் குந்தி, தண்ணீரில் நிற்கும் தக்கையின் மேல் கண்ணை வைத்துவிட்டால் பொழுது போவதே தெரியாது.

இன்று அவர்களுக்கு ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. மூங்கில் கம்பில் தூண்டில் கட்டுவதா, அல்லது நகரத்துக் கடைகளில் விற்கும் பளபளப்பான மடக்குக் கோலை வாங்குவதா? மடக்குக் கோலுக்குச் சில நூறு ரூபாயாவது வேண்டும். கார்பன் இழைக் கோல் என்றால் ஆயிரக்கணக்கில் போகும். காட்டு வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் சில நூறு ரூபாய் என்பது ஒரு நாள் கூலி. அதைச் செலவிடும் முன், செலவிட வேண்டியது அவசியந்தானா என்று கேட்பது நியாயமே. இதற்கு விடை சொல்ல விலைப் பட்டியல் உதவாது; பள்ளியில் படித்த இயற்பியலே போதும்.

ஆற்றை முதலில் பாருங்கள்

கோலைத் தேர்ந்தெடுக்குமுன் நீரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாகலாபுரத்துக்குத் தெற்கே, விளாத்திகுளத்தை ஒட்டி ஓடும் வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சாத்தூர் வழியாக வந்து, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இது ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. வடகிழக்குப் பருவமழையை நம்பி ஓடுவது. வெள்ளம் வடிந்தபின் ஆற்றின் மடுக்களிலும் அணைக்கட்டுகளின் அருகிலும் நீர் தேங்கி நிற்கும். மீன்கள் அங்கேதான் ஒதுங்கும். ஆகவே வைப்பாற்றில் தூண்டிலிடுவது என்பது பெரும்பாலும் அசையாத அல்லது மெல்ல நகரும் நீரில், கரையிலிருந்து நான்கைந்து மீட்டர் தொலைவுக்குள் தூண்டிலிடுவதேயாகும். கண்மாய்க்கும் இதே கதைதான்.

தாமிரபரணியின் நிலை வேறு. அது வற்றாத ஆறு. அங்கே நீர் இழுத்துக்கொண்டு ஓடும். ஓடும் நீரில் மேற்பரப்பு வேகமாகவும் அடிப்பகுதி மெதுவாகவும் நகர்கின்றன. தூண்டில் நரம்பு மேற்பரப்பில் கிடந்தால், நீரோட்டம் அதை வில்போல் வளைத்துத் தக்கையை இழுத்துச் செல்லும். இரையும் இயல்புக்கு மாறாக ஓடும். மீன் ஐயுற்று விலகும். இதைத் தவிர்க்க, கோலின் நுனியிலிருந்து தக்கை வரையுள்ள நரம்பு நீரில் படாமல் மேலே நிற்க வேண்டும். அதற்கு 4 அல்லது 5 மீட்டர் நீளக் கோல் தேவை. தேங்கிய நீரில் 3 மீட்டரே போதும். இந்த ஒரு வேறுபாடுதான் நம் கேள்விக்குப் பாதி விடை. அது எப்படி என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

கையில் கனக்கும் கணக்கு

தூண்டிற்கோல் ஒரு நெம்புகோல். ஆனால் பாரத்தை எளிதாகத் தூக்க உதவும் கடப்பாரையைப் போன்றதன்று, அதற்கு நேர்மாறானது. பாரம் தொலைவில் நுனியில் இருக்கிறது. நம் கைகளோ அடியில் அருகருகே இருக்கின்றன. அதனால் சிறிய பாரமும் பெரிதாகத் தோன்றும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 3 மீட்டர் நீளமும் 300 கிராம் எடையும் உள்ள மூங்கில் கோலைக் கிடைமட்டமாகப் பிடித்திருக்கிறோம். ஒரு கை அடி முனையில், மற்றொரு கை அதிலிருந்து 30 செ.மீ. தள்ளி. நுனி நோக்கிச் சீராக மெலிந்து செல்லும் கோலாயின் அதன் எடை மையம் அடியிலிருந்து ஏறத்தாழ 90 செ.மீ.இல் அமையும். முன் கையை ஆதாரமாகக் கொண்டால், எடை மையம் அதற்கு 60 செ.மீ. அப்பால் உள்ளது. இதைச் சமன்செய்ய, 30 செ.மீ. இப்பால் உள்ள பின் கை 600 கிராம் அளவு கீழே அழுத்த வேண்டும். முன் கையோ கோலின் எடையையும் பின் கையின் அழுத்தத்தையும் சேர்த்து 900 கிராம் தாங்க வேண்டும். 300 கிராம் கோல் கையில் 900 கிராமாகக் கனக்கிறது!

அதே 300 கிராம் எடையில், அடியும் நுனியும் ஒரே பருமனாக உள்ள கம்பை எடுத்துக்கொண்டால் எடை மையம் நடுவில், அதாவது 150 செ.மீ.இல் இருக்கும். அப்போது முன் கை தாங்க வேண்டியது 1,500 கிராம். தராசில் இரண்டும் ஒன்றே, கைக்கு ஒன்றல்ல. ஆகவே கோலைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்த எடையைவிட, எடை எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். அடி பருத்து நுனி மெலிந்த கோலே சிறந்தது. கண்மாய்க் கரையில் எளிதாகக் கிடைக்கும் சீமைக்கருவைக் கம்பு இந்தத் தேர்வில் தோற்றுவிடும். அது கனமானது, நேராகவும் வளர்வதில்லை.

நீளம் கூடினால் என்ன ஆகும்? அதே வடிவில் 4½ மீட்டர் மூங்கில் கோல் ஒன்று 600 கிராம் எடையும், அடியிலிருந்து 135 செ.மீ.இல் எடை மையமும் கொண்டிருப்பதாகக் கொள்வோம். முன் கை தாங்க வேண்டியது 2,700 கிராம். நீளம் ஒன்றரை மடங்காகிறது. கையின் பளுவோ மூன்று மடங்காகிறது. தேவைக்கு மேல் நீளமான கோலை ஆசைப்பட்டு வாங்குபவர் அரை மணி நேரத்தில் தோள் வலியால் வருந்துவதன் காரணம் இதுவே.

வளைவது குறையா, நிறையா?

புதியவர்கள் கோலின் நுனி வளைவதைக் கண்டு, அது வலுவற்றது என்று எண்ணுகிறார்கள். உண்மையில் வளைவுதான் கோலின் உயிர்.

1 கிலோ எடையுள்ள மீன் ஒன்று வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 2 ஜூல். வளையாத இரும்புக் கம்பியில் நரம்பைக் கட்டியிருந்தால், மீன் 2 செ.மீ. தொலைவுக்குள் நிறுத்தப்படும் என வைத்துக்கொள்ளலாம். அப்போது நரம்பின் மேல் விழும் சராசரி விசை 100 நியூட்டன். அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடை. கால் மி.மீ. தடிமனுள்ள நைலான் நரம்பு ஏறத்தாழ 4 அல்லது 5 கிலோ எடையையே தாங்கும். எனவே அது அறுந்துவிடும். அதே மீனை, நுனி அரை மீட்டர் வளைந்து கொடுக்கும் கோல் நிறுத்தினால் விசை 4 நியூட்டன் மட்டுமே. அரைக் கிலோகூட இல்லை! மீன் வாலை அடித்துத் தொடர்ந்து இழுக்கும் விசை இதற்கு மேல் சேரும் என்றாலும், நரம்பை அறுக்கும் முதல் வெட்டு தணிந்துவிடுகிறது.

வளைவினால் இன்னொரு பயனும் உண்டு. நேராக நிற்கும் 3 மீட்டர் கோலின் நுனியில் அரைக் கிலோ இழுப்பு குறுக்காக விழுந்தால், முன் கை சுமார் 5 கிலோ தாங்க வேண்டியிருக்கும். கோல் வளையும்போது இழுப்பின் கோடு நம்மை நோக்கி நெருங்கி வருகிறது, நெம்புகோலின் கை குறுகுகிறது, பளுவும் குறைகிறது. புயலில் மரம் முறிய நாணல் பிழைக்கும் கதை இதுவே.

ஆனால் அளவுக்கு மீறிய வளைவும் தவறு. தக்கை அமிழ்ந்ததும் நாம் கோலைச் சொடுக்குகிறோம். கோல் துவண்டு போனால் அடி எழும்பிய பிறகும் நுனி அங்கேயே நிற்கும். முள் மீனின் வாயில் பதியுமுன் மீன் இரையைத் துப்பிவிடும். அடிப்பாதி விறைப்பாகவும், நுனிப்பகுதி இளக்கமாகவும் உள்ள கோலே தக்கைத் தூண்டிலுக்கு ஏற்றது. கெண்டைகளின் உதடு மென்மையானது. நுனியும் விறைத்துவிட்டால் முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

பருமனின் விந்தை

உருண்டையான கம்பு ஒன்றின் விறைப்பு, அதன் விட்டத்தின் நான்மடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. 10 மி.மீ. கம்பைவிட 12 மி.மீ. கம்பு பார்வைக்குச் சிறிதளவே பருமன். ஆனால் 1.2-ஐ நான்கு முறை பெருக்கினால் 2.07. ஆகவே அதன் விறைப்பு இரு மடங்கு! எடையோ 1.44 மடங்குதான். கடையில் இரு கோல்களிடையே கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு கைக்குத் தெரிவது இதனால்தான்.

இனி உள்ளே துளையிடுவோம். விட்டத்தில் பாதி அளவுக்குத் துளை இருந்தால் கம்பின் எடையில் கால் பங்கு போய்விடும். விறைப்பில் போவதோ பதினாறில் ஒரு பங்கு மட்டுமே. வளையும்போது மிகுதியாக உழைப்பது கம்பின் வெளிப்புறம். நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. பறவைகளின் எலும்பும் நாணலும் உள்ளீடற்றிருப்பதன் நன்மையைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலிலேயே விளக்கினார். மூங்கில் அந்தப் பாடத்தை அவருக்கு வெகு காலம் முன்பே கற்றிருந்தது. அது குழாய் வடிவில் வளர்கிறது. குழாய் நசுங்காமல் இருக்க இடையிடையே கணுக்களால் அடைப்பு வைத்துக்கொள்கிறது. வலுவான இழைகளைத் தோலை ஒட்டி நெருக்கமாகவும் உட்புறம் தளர்வாகவும் அடுக்கிவைக்கிறது. பொறியியல் அறிஞர் ஒருவர் வரைந்து கொடுத்தாற்போன்ற அமைப்பு!

மூன்று பொருள்கள், ஓர் ஒப்பீடு

மூங்கில், கண்ணாடி இழை, கார்பன் இழை ஆகிய மூன்றையும் ஒப்பிடுவோம். பிசினில் பதித்த கண்ணாடி இழை, இழையின் திசையில், மூங்கிலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விறைப்புள்ளது. ஆனால் அதன் அடர்த்தியோ மூங்கிலைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். எனவே ஒரே நீளமும் ஒரே எடையும் உள்ள இரு திண்மக் கம்புகளைச் செய்தால், கண்ணாடி இழைக் கம்பு ஒல்லியாகிவிடும். நான்மடி விதியின்படி மூங்கிலின் விறைப்பில் கால் பங்கே அதற்கு இருக்கும். அதனால்தான் நல்ல கண்ணாடி இழைக் கோல்களை மெல்லிய குழாயாகச் செய்கிறார்கள். மலிவான சில கோல்களின் நுனித் துண்டுகள் திண்மமாகவே இருக்கும்; அவை துவளுவதில் வியப்பில்லை.

கார்பன் இழை மெய்யாகவே உயர்ந்தது. மூங்கிலைப்போல் பல மடங்கு விறைப்பு. அடர்த்தியோ இரு மடங்கு அளவே. 1960களில் இங்கிலாந்தின் பார்ன்பரோவில் இருந்த வானூர்தி ஆய்வுக்கூடத்தில் வளர்ச்சி பெற்ற இப்பொருள் 1970களில் தூண்டிற்கோலாக வடிவெடுத்தது. நீண்ட கோலை நாள் முழுவதும் ஒரு கையில் பிடித்திருக்க வேண்டியவருக்கு இது வரப்பிரசாதம். மூன்று மீட்டர் கோலுக்கோ, கொடுக்கும் விலைக்கு ஏற்ற பயன் கிடைப்பதில்லை.

மூங்கிலைத் தாழ்வாக எண்ண வேண்டாம் என்பதற்கு வரலாறும் சான்று. பெரும்பாணாற்றுப்படை காட்டும் தூண்டிலும் நெடிய மூங்கிற்கழியில் நாண் பூட்டியதுதான். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மூங்கிலைச் சிம்புகளாகப் பிளந்து, தோல் வெளிப்புறம் அமையுமாறு ஒட்டி, விலையுயர்ந்த கோல்களைச் செய்தனர். அதற்கு முதலில் இங்கிருந்து சென்றது ‘கல்கத்தா மூங்கில்’. அது நம் காடுகளில் வளரும் கல் மூங்கில் இனந்தான். தென்சீனத்து மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது பின்னாளில். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றியும், 1887இல் ஏரி, கண்மாய்களில் தூண்டிலிடுவதைப் பற்றியே தனியாகவும் நூல்கள் வெளியிட்டார். கண்மாய்த் தூண்டில் ஒரு நூலுக்குரிய கலை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மூங்கிலைத் தேர்ந்தெடுக்கும் முறை

மூங்கில் குருத்து ஒரே பருவத்தில் முழு உயரத்தை எட்டிவிடும். பிறகு அது பருப்பதில்லை. முற்றி இறுகுவது மட்டுமே நடக்கும். அதற்கு மூன்று ஆண்டுகளாவது ஆகும். பளிச்சென்ற பச்சை நிறமும், கணுவைச் சுற்றி உறையும், மேலே வெண்பொடியும் இருந்தால் அது இளமூங்கில். உலர்ந்ததும் சுருங்கிக் கோணிப்போகும். மங்கிய நிறமும் ஆங்காங்கே பாசிப் படலமும் உள்ளதே முற்றிய மூங்கில். விரலால் தட்டினால் ‘கணீர்’ என்று ஒலிக்க வேண்டும். ‘சத்’தென்று ஒலித்தால் உள்ளே வெடிப்பு அல்லது ஈரம் இருக்கலாம்.

அடியில் சுமார் 22 மி.மீ., நுனியில் 4 மி.மீ. பருமனும், நெருக்கமான கணுக்களும் உள்ள 3 மீட்டர் கழி நமக்கு ஏற்றது. ஏணியும் கூடையும் முடைவோருக்குக் கழி விற்கும் மூங்கில் கடைகளில் இத்தகைய மெல்லிய கழிகளைக் கேட்டு வாங்கலாம். காப்புக் காட்டில் அனுமதியின்றி வெட்டுவது குற்றம்.

மூங்கிலுக்குப் பெரும் பகை அதைத் துளைக்கும் வண்டு. வண்டைக் கவர்வது கழியில் உள்ள மாவுச்சத்து. வெட்டிய கழியைச் சில வாரங்கள் நீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து பெரும்பாலும் கரைந்துவிடும். பின்பு நிழலில், நுனி கீழே இருக்குமாறு தொங்கவிட்டு, ஒரு கல்லைக் கட்டி உலர்த்தினால் கழி நேராகவும் இறுகும். எஞ்சிய கோணலைத் தணலில் மெல்லச் சூடுகாட்டி நிமிர்த்தலாம். சூட்டில் இளகும் மூங்கில், ஆறியபின் அந்த வடிவிலேயே நின்றுவிடும். கணுவின் மேட்டை மட்டும் சீவுங்கள். தோலைச் சுரண்டாதீர்கள். வலுவெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்பதை மேலே கண்டோம். இறுதியாக ஒரு பூச்சு வார்னிஷ் ஈரத்தைத் தடுக்கும்.

நரம்பை நுனியில் மட்டும் கட்டாமல், இரண்டு மூன்று கணு கீழே முடிந்து, கோலைச் சுற்றி நுனிக்குக் கொண்டுவந்து மறுபடி கட்டுங்கள். நுனி முறிந்தாலும் மீனும் தூண்டிலும் கைவிட்டுப் போகா.

கடைக் கோல் வாங்குவோருக்கு

தாமிரபரணி போன்ற ஓடும் ஆற்றில் அடிக்கடி தூண்டிலிடுபவருக்கு நிலைமை வேறு என்றோம். நாம் கண்ட 2,700 கிராம் கணக்கை நினைவுகூருங்கள். அந்த நீளத்தில் குழாய் வடிவக் கண்ணாடி இழைக் கோல் கையின் பளுவைக் கணிசமாகக் குறைக்கும். பேருந்தில் மடக்கி எடுத்துச் செல்லவும் முடியும். அங்கே அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. வாங்குமுன் கடையிலேயே செய்யக்கூடிய நான்கு சோதனைகள் இதோ:

1. கோலை முழுவதும் நீட்டி, கண்ணருகே வைத்து அடியிலிருந்து நுனி நோக்குங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வேண்டாம்.

2. நுனியில் 100 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். வளைவு சீராக இறங்க வேண்டும். இணைப்புகளில் ஒடிந்தாற்போல் மூலை தெரிந்தால் முறிவு அங்கேதான் வரும்.

3. லேசாகச் சொடுக்கி நிறுத்துங்கள். நுனியின் அதிர்வு விரைவில் அடங்க வேண்டும். நெடுநேரம் ஆடும் நுனி கனமானது அல்லது துவளுவது.

4. நரம்பு செல்லும் வளையங்களுக்குள் சிறிது பஞ்சை விட்டு இழுங்கள். பஞ்சு சிக்கினால் உள்ளே பிசிர் இருக்கிறது. நாளை நரம்பை அறுப்பது அதுவே.

தக்கையும் கோலும்

கோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மீன் கடிப்பதை நமக்குச் சொல்வது தக்கை. இங்கே ஆர்க்கிமிடீசு துணைக்கு வருகிறார். கரிசலில் கேட்பாரற்றுக் கிடக்கும் சோளத்தட்டையின் உட்சோற்றில் 6 செ.மீ. நீளம், 1 செ.மீ. விட்டமுள்ள துண்டு ஒன்றை எடுத்தால் அதன் கன அளவு ஏறத்தாழ 4.7 க.செ.மீ. முழுதும் அமிழ்ந்தால் 4.7 கிராம் நீரை அது விலக்கும். தக்கையின் சொந்த எடையும், முள், இரை, ஈயக்குண்டு ஆகியவற்றின் எடையும் சேர்ந்து இந்த அளவை நெருங்குமாறு அமைத்தால், தக்கையின் தலை மட்டும் நீருக்கு மேலே தெரியும். மீன் ஒரு கிராம் அளவு இழுத்தாலே போதும், தக்கை மறைந்துவிடும்.

தக்கை ஒல்லியாக இருந்தால் இன்னும் நுட்பமாகச் செயல்படும். 1 செ.மீ. விட்டமுள்ள தக்கையை மேலும் 1 செ.மீ. அமிழ்த்த 0.8 கிராம் விசை வேண்டும். அரை செ.மீ. விட்டமாயின் 0.2 கிராமே போதும். மயிலிறகின் தண்டு தக்கைக்கு விரும்பப்படுவது இதனால்தான். தானே உதிர்ந்த இறகை மட்டும் பயன்படுத்துங்கள். மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ள பறவை. ஈயக்குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் சிறுவரிடையே உண்டு. ஈயம் நஞ்சு. குறடால் இறுக்குங்கள்.

கோலில் மிச்சம் பிடித்த பணத்தை முள்ளிலும் நரம்பிலும் செலவிடுவதே அறிவுடைமை. முள் கூரியதா என்று அறிய அதைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல வைத்து இழுங்கள். வழுக்கிச் சென்றால் மழுங்கியது; கீறி நின்றால் கூரியது. முடிச்சை இறுக்குமுன் நரம்பை நனைத்துக்கொள்ளுங்கள். உராய்வின் சூடு நைலானைப் பலவீனமாக்கும்.

மீனைவிட உயிர் பெரிது

கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான மூங்கிலையும் நம்பக்கூடாது. கண்மாய்க் கரைகளின் மேல் மின்கம்பிகள் செல்லும் இடங்களில் நீண்ட கோலை உயர்த்துவது உயிருக்கு உலை வைப்பதாகும். கம்பியைத் தொடாமலே, அருகில் சென்றாலே, உயர் அழுத்த மின்சாரம் பாயக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி முழங்கத் தொடங்கினால் கோலைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். மரத்தடி பாதுகாப்பன்று.

மணல் அள்ளிய ஆறுகளில், முழங்கால் ஆழம் என்று நினைத்து வைக்கும் அடுத்த அடி ஆளை விழுங்கும் குழியாக இருக்கலாம். நனைந்த கரிசல் மண் வழுக்கும், காலையும் பற்றிக்கொள்ளும். சிக்கிய முள்ளை எடுக்க நீரில் இறங்காதீர்கள். போவது ஒரு முள், ஒரு முழ நரம்பு. அவ்வளவே. தனியாகச் செல்லாமல், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள்.

கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை உண்டு. குத்தகைதாரரைக் கேட்டுக்கொண்டே தூண்டில் போடுவது முறை. புதுவெள்ளத்தில் எதிரேறி வரும் சினை மீன்களை விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டின் கண்மாய் அவற்றின் வயிற்றில் இருக்கிறது. 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, எங்கும் பெருகிவிட்ட ஜிலேபிக் கெண்டையைப் பிடிப்பதில் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

செய்து பாருங்கள்

மரத்தாலான மீட்டர் அளவுகோல் ஒன்றை மேசை விளிம்பில் 80 செ.மீ. வெளியே நீட்டி, மறுமுனையை இறுகப் பிணையுங்கள். நுனியில் 50 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அளவெடுங்கள். பிறகு 40 செ.மீ. மட்டும் நீட்டி அதே எடையைத் தொங்கவிடுங்கள். நீளம் பாதியாகும்போது தாழ்வு பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிறது. தாழ்வு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதே காரணம். நீளக் கோல் ஏன் அவ்வளவு எளிதில் துவளுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே நாகலாபுரத்து மாணவருக்கு நாம் சொல்லக்கூடிய விடை இது. உங்கள் நீர் மடுவும் கண்மாயுமாக இருக்கும் வரை, முற்றிய மூங்கிலில் செய்த 3 மீட்டர் கோலே போதும். அது ஏழைக்கு வாய்த்த மாற்றுப்பொருள் அன்று. அந்த வேலைக்குப் பொருத்தமான பொருள். என்றேனும் ஓடும் ஆற்றங்கரையில் வாழ நேர்ந்தால் அப்போது மடக்குக் கோலை வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அந்த ஒரு நாள் கூலி வீட்டிலேயே இருக்கட்டும்.